இளைஞரின் சினமும் விளையாட்டு மைதானமும்

இளைஞர் கட்டுக்கடங்காதவர்களாகி விட்டார்கள் என்னும் முறைப்பாடு இன்று நாற்புறமும் கேட்கிறது. வகுப்பறையிலே மேசை உடைகிறது. பஸ் நிலையத்திலே இரு பாடசாலை மாணவர் கைகலக்கின்றனர். பல்கலைக்கழக விடுதியிலே மூத்தவன் இளையவனை அடிக்கிறான். உடனே பரிகாரம் கூறப் பலர் முன்வருகின்றனர். அப்பரிகாரங்களுள் மிக மலிவானதும் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவதும் ஒன்றுண்டு: “பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடுங்கள், வேர்வையோடு கோபமும் வெளியேறிவிடும்.” பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினர் இதனைக் கூறுகிறார். அதிபர் தலையசைக்கிறார். பெற்றோர் கைதட்டுகின்றனர். அந்தப் பாடசாலைக்கு மைதானம் உண்டா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இக்கூற்றை முற்றாக மறுப்பது நமது நோக்கமன்று. இளைஞர் தமது சினத்தை ஆளுவதற்கு உடற்பயிற்சி உதவும். ஆனால் எத்தகைய பயிற்சி, யாருடைய விருப்பின் பேரில், என்ன நோக்கத்துக்காக என்ற கேள்விகளை எழுப்பாது விடின், அது மூடநம்பிக்கையாகச் சுருங்கிவிடும். அதிகாரம் உடையோர் கையிலே மோசடியாகவும் மாறிவிடும். இவ்விரண்டையும் தோலுரித்துக் காட்டவேண்டிய கடமை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு.

முதலில் மூடநம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். கோபம் என்பது கொதிகலத்திலே அடைபட்ட நீராவி போன்றது. ஏதாவதொரு வழியால் அதனை வெளிவிட்டால் மனம் அமைதியடையும் என்பது பரவலான எண்ணம். தலையணையைக் குத்து, சுவரிலே பந்தை அடி, மூச்சு முட்ட ஓடு என்னும் அறிவுரைகள் யாவும் இவ்வெண்ணத்திலிருந்து பிறந்தவையே. ஆனால் மனித உடல் கொதிகலமன்று. சினம் மூளும்போது உடலிலே நிகழும் மாற்றங்களை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்ட்டர் கனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே விளக்கினார். அதிரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, குருதி தசைகளை நோக்கிப் பாய்கிறது, ஈரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது. கடுமையான ஓட்டமும் பெரும்பாலும் இதே மாற்றங்களைத்தான் உண்டாக்குகிறது. எனவே, கோபம் தலைக்கேறிய கணத்திலே ஒருவனை ஓடவிடுவது எரியும் அடுப்பிலே மேலும் விறகைச் செருகுவதையொக்கும்.

இது வெறும் அனுமானமன்று. 1972இலே டொல்வ் சில்மனும் அவருடைய சகாக்களும் நடத்திய பரிசோதனையில், ஆத்திரமூட்டப்பட்ட பின்னர் உடற்பயிற்சி செய்தவர்கள், அமைதியான வேலையொன்றில் ஈடுபட்டவர்களைக் காட்டிலும் கடுமையாகப் பழிதீர்த்தனர். 2002இலே பிரட் புஷ்மன் 600 பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு நடத்திய பரிசோதனையிலே, தம்மைச் சினமூட்டியவனை நினைத்தவாறு குத்துப்பையைக் குத்தியவர்களே மிகுந்த கோபம் காட்டினர். எதுவும் செய்யாது சும்மா இருந்தவர்களே அவர்களிலும் அமைதியாயிருந்தனர். 2024இலே அவரும் சோபி ஷார்விக்கும் 154 ஆய்வுகளை, 10,189 பேரின் விபரங்களோடு, ஒருங்கே வைத்து நோக்கினர். ஆழ்ந்து மூச்செடுத்தல், தசைகளைத் தளரவிடுதல், தியானம் முதலிய, உடலின் கொதிப்பைத் தணிக்கும் செயல்கள் சினத்தைக் குறைத்தன. கொதிப்பை ஏற்றும் செயல்கள் மொத்தத்திலே குறைக்கவில்லை. மெதுவோட்டமோ சினத்தைக் கூட்டும் போக்கையே காட்டிற்று. பிரதம விருந்தினரின் பரிகாரம் பரிசோதனையிலே தோற்றுவிட்டது.

அப்படியாயின் மைதானத்தைப் பூட்டிவிடலாமா? அதுவும் தவறு. அதே ஆய்வின் இன்னொரு முடிவு நமது கவனத்துக்குரியது. பந்து விளையாட்டுகளும் பாடசாலை உடற்கல்வி வகுப்புகளும் சினத்தைக் குறைப்பனவாகத் தோன்றின. தனியே, சலிப்போடு, தன் கோபத்தையே அசைபோட்டுக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கிடைக்காத ஒன்று கூடி விளையாடுகிறவனுக்குக் கிடைக்கிறது. அங்கே மகிழ்ச்சி இருக்கிறது, தோழன் இருக்கிறான், தன்மேல் மட்டுமன்றிப் பந்தின்மேலும் பிறர்மேலும் கவனத்தைச் செலுத்தவேண்டிய அவசியம் இருக்கிறது. இதைவிட, மாதக்கணக்காக ஒழுங்காகச் செய்யப்படும் பயிற்சி உடலையே மாற்றுகிறது. ஓய்விலிருக்கும்போது இதயத்துடிப்பின் வேகம் குறைகிறது, பதற்றத்தின் பின் உடல் விரைவிலே சமநிலைக்குத் திரும்புகிறது, உறக்கம் ஆழமாகிறது. உறக்கம் கெட்டவன் எளிதில் எரிந்துவிழுவான் என்பது எல்லோரும் அறிந்தது. ஆகவே, உடற்பயிற்சி கோபம் வந்தபின் உண்ணும் குளிசையன்று. கோபம் வருமுன்னரே, அதைத் தாங்கும் ஆற்றலை உடலிலும் மனத்திலும் வளர்க்கின்ற நீண்டகாலப் பழக்கம் அது.

நம் கிராமத்துக் கிளித்தட்டை நோக்குவோம். தட்டு மறிப்பவன் தனக்குரிய கோட்டிலே நின்றுதான் மறிக்கவேண்டும். எதிரணியினன் அவன் கண்முன்னே நின்று கேலி செய்வான்; போக்குக்காட்டுவான்; ஆத்திரமூட்டுவான். ஆத்திரத்தில் கோட்டைவிட்டுப் பாய்ந்தால் மறிப்பு உடைந்துபோகும். அவனுடைய பிழையின் விலையை அவனுடைய அணி முழுவதும் செலுத்தும். எதிராளியின் கண்ணையும் காலையும் அளந்தபடி கோட்டின்மேல் காத்துநிற்பவனே அவனைத் தொட்டு வீழ்த்துகிறான். இங்கே சினம் இல்லாமற்போய்விடவில்லை. அதற்கும் கைக்கும் இடையிலே ஒரு கணம் உண்டாகிறது. அந்த ஒரு கணத்தை உண்டாக்கிக்கொள்ளும் திறமையே சினத்தை ஆளுதல் எனப்படுவது. அதனை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது. ஆயிரம் முறை கோட்டிலே நின்று பழகிய கால்களுக்கே அது கைவரும்.

பயிற்சியின் பெயரைவிட அது புகட்டப்படும் முறையே முக்கியமானது என்பதற்கும் சான்று உண்டு. 1986இலே மைக்கேல் ட்ரல்சன் வெளியிட்ட சிறு ஆய்வொன்று, தவறான வழியிலே சென்ற 34 இளைஞரைப் பற்றியது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கொரிய தைக்குவொண்டோ கலை அதன் மரபான முறையிலே, மரியாதையும் தன்னடக்கமும் பற்றிய போதனையோடு பயிற்றப்பட்டது. இன்னொரு பகுதியினருக்குச் சண்டை நுட்பம் மாத்திரம் பயிற்றப்பட்டது. ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியினரின் மூர்க்கம் குறைந்திருந்தது. இரண்டாம் பகுதியினரின் மூர்க்கம் கூடியிருந்தது. உதையும் அடியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நோர்வேயிலே எண்ட்ரெசனும் ஒல்வியஸும் 2005இலே வெளியிட்ட ஆய்வும் இதனையே எச்சரிக்கிறது. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்கல் போன்ற, வலிமையை முதன்மைப்படுத்தும் விளையாட்டுகளிலே ஈடுபட்ட சிறுவரிடம் சமூகவிரோத நடத்தை அதிகரித்திருந்தது. வலிமையே ஆண்மை என்று போற்றும் சூழலிலே தசையை மட்டும் வளர்த்தால், தசையோடு முரட்டுத்தனமும் வளரும் என்பதிலே வியப்பென்ன?

இனி மோசடியைப் பார்ப்போம். உடற்பயிற்சி சினத்தைத் தணிக்கும் என்று மேடையிலே பேசும் நம் சமுதாயம், நடைமுறையிலே உடற்பயிற்சியை எதற்குப் பயன்படுத்துகிறது? பிந்தி வந்தவன் மைதானத்தைப் பத்துமுறை சுற்றி ஓடவேண்டும். வீட்டுவேலை செய்யாதவன் வகுப்பின் முன்னே தோப்புக்கரணம் போடவேண்டும். வாய்காட்டியவன் வெயிலிலே முழந்தாளில் நிற்கவேண்டும். உடல் தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் விடுத்தது. பிரம்பு மறைந்த இடங்களிலே ஓட்டமும் தோப்புக்கரணமும் பிரம்பின் வேலையைச் செய்கின்றன. ஓட்டத்தை அவமானத்தோடு சேர்த்துக் கற்ற பிள்ளை, அதே ஓட்டத்திலே அமைதியைக் காண்பது எங்ஙனம்?

இதன் கொடூரமான எல்லையை நாம் கண்டிருக்கிறோம். 1997ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவரொருவர், பகிடிவதையாகத் தம்மீது திணிக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டு, 1998இலே, பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அந்த இளைஞரைக் கொன்றது எது? சினத்தைத் தணிக்கும் என நாம் புகழ்கின்ற அதே உடற்பயிற்சிதான். ஆனால் அது அவருடைய விருப்பத்தினால் நிகழவில்லை; அவர்மீது ஏவப்பட்டது. முதலாம் ஆண்டிலே அவமானப்பட்டவன் இரண்டாம் ஆண்டிலே அந்த அவமானத்தை இன்னொருவன்மீது இறக்கிவைக்கிறான். பகிடிவதை என்பது சேமித்து வைக்கப்பட்ட சினம், ஒவ்வோராண்டும் கீழ்நோக்கிக் கைமாற்றப்படும் ஏற்பாடேயன்றி வேறன்று.

அரசும் இப்பாடத்தைக் கற்கவில்லை. 2011ஆம் ஆண்டிலே, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்கள் இராணுவ முகாம்களிலே மூன்று வாரத் ‘தலைமைத்துவப் பயிற்சி’ பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. ஒழுக்கத்தை வளர்ப்பதற்கென்று அதற்கு நியாயம் கற்பிக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் அதனை எதிர்த்தன, எதிர்த்தது சரியே. யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்த வேளையிலே, வடக்கிலும் கிழக்கிலுமிருந்து சென்ற மாணவனுக்கு அந்த முகாமின் வாயில் எதனை நினைவூட்டியிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. கட்டளைக்குக் காலெடுத்து வைப்பவன் கீழ்ப்படிவைக் கற்கிறான். தன்னைத் தானே ஆளுதல் வேறு. பிறரால் ஆளப்படுதல் வேறு. முன்னதைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு பின்னதைப் புகட்டுவதையே நாம் மோசடி என்கிறோம்.

இவற்றையெல்லாம் கண்ட நம் தோழர் சிலர் எதிர்த்திசையிலே தவறிவிடுகின்றனர். “இளைஞரின் கோபம் நியாயமானது; விளையாட்டு அதனை மழுங்கடிக்கும் அபின்; ஆதலால் மைதானத்தை ஆளும் வர்க்கத்துக்கு விட்டுவிடுவோம்” என்பது அவர்களது வாதம். காலனித்துவ காலத்துக் கல்லூரிகளிலே கிரிக்கட்டும் அணிவகுப்பும் கனவான்களையும் உத்தியோகத்தர்களையும் வார்த்தெடுக்கப் பயன்பட்டன என்பது உண்மை. ஆனால் வரலாறு அதனோடு முடிந்துவிடவில்லை. 1811இலே பேர்லின் நகருக்கு வெளியே பிரீட்ரிக் லுட்விக் யான் திறந்த உடற்பயிற்சிக் களத்தை நோக்குங்கள். யானின் குறுகிய தேசியவாதம் நமக்கு உடன்பாடன்று. எனினும், அங்கு கூடிய இளைஞரைக் கண்டு பிரசிய முடியரசு அஞ்சியது; 1819இலே யானைக் கைதுசெய்தது; 1820 முதல் 1842 வரை பொது உடற்பயிற்சிக் களங்களைத் தடைசெய்தது. உடற்பயிற்சி இளைஞரை இயல்பாகவே சாதுவாக்குமாயின், அந்த அரசு ஏன் அஞ்சவேண்டும்?

தொழிலாளர் இயக்கம் மைதானத்தை எதிரிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. 1925இலே பிராங்போர்ட்டிலும் 1931இலே வியன்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பிக் விழாக்களை அது நடத்திற்று. 1936இலே ஹிட்லரின் பேர்லின் ஒலிம்பிக்குக்கு மாற்றாகப் பார்சலோனாவில் மக்கள் ஒலிம்பிக் ஏற்பாடாயிற்று. தொடக்க நாளுக்குச் சற்று முன்னரே பிராங்கோவின் கலகம் வெடித்ததனால் அவ்விழா நடைபெறவில்லை. ஓடவும் நீந்தவும் வந்திருந்தவர்களுள் சிலர் ஊர் திரும்பாமல் குடியரசைக் காக்க அங்கேயே தங்கினர். அவர்களுடைய பயிற்சி அவர்களது சினத்தை மழுங்கடித்ததா? ஒழுங்கோடும் தோழமையோடும் செயற்படும் திறனை அது அவர்களுக்கு அளித்திருந்தது எனலாம்.

இங்கேதான் சினம் பற்றிய நமது நிலைப்பாட்டைத் தெளிவாக்க வேண்டியுள்ளது. தமிழ் மரபிலே இதுபற்றி இரு குரல்கள் உண்டு. சினத்தைத் தணித்துக்கொள்ளும்படி ஔவை பிள்ளைகளுக்குக் கூறினார். அதே ஆத்திசூடி வடிவத்தைக் கையாண்ட பாரதியோ, ரௌத்திரத்தையும் மனிதன் பயின்று கொள்ளவேண்டிய ஒன்றாகவே வைத்தார். இவை முரண்பட்ட குரல்கள் போலத் தோன்றும். வெகுளாமை பற்றித் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரிடம் இம்முரணை அவிழ்க்கும் முடிச்சு இருக்கிறது. தன் சினம் பலிக்கக்கூடிய இடத்திலே, அதாவது தன்னிலும் எளியவரிடத்திலே, அதனை அடக்குபவனே மெய்யாக அடக்குபவன் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கக் கருத்து. வலியவனிடம் கோபத்தை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து தங்கையை அடிப்பவன் சினத்தை அடக்கியவனல்லன். அவன் அதனை மலிவான இடத்திலே விற்றவன். பாரதி கேட்டது பயின்ற சினம். பயிலாத சினம் பெரும்பாலும் எளியவர்மீதே விழுகிறது.

நமது நாட்டின் இளைஞருக்குச் சினங்கொள்ளக் காரணங்கள் குறைவில்லை. 1971 ஏப்ரலிலே தென்னிலங்கையின் கிராமத்துப் படித்த இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். அதே பத்தாண்டிலே பல்கலைக்கழக அனுமதியின் தரப்படுத்தல் தமிழ் இளைஞரின் உள்ளத்திலே ஆறாத வடுவை ஏற்படுத்திற்று. தெற்கின் இரண்டாம் கிளர்ச்சி இரத்தத்திலே மூழ்கிய பின், 1989இலே அமைக்கப்பட்ட இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு 1990இலே அறிக்கை தந்தது. அரசியல் அதிகாரத்தின் துஷ்பிரயோகம், செல்வாக்குள்ளவனுக்கே வேலை என்னும் அநீதி, ஆங்கிலம் அறியாதவனை வெட்டி வீழ்த்தும் மொழிப் பாகுபாடு ஆகியவற்றை அவ்வறிக்கை பேசிற்று. இளைஞருக்கு ஓட்டம் போதவில்லை என்று அது கூறவில்லை. 2022இலே காலிமுகத்திடலிலே திரண்ட இளைஞரின் சினமும் எரிபொருளும் உணவும் இல்லாத நாட்டின் நிலைமையிலிருந்தே பிறந்தது. இத்தகைய சினத்துக்கு மைதானத்தைப் பரிகாரமாகக் காட்டுபவர் நோயாளியின் காய்ச்சலைக் குறைப்பதற்கு வெப்பமானியை உடைக்கும் வைத்தியரே.

அந்த மைதானமாவது எல்லோருக்கும் கிடைக்கிறதா? நகரத்துப் பெரிய கல்லூரிக்குப் புற்றரையும் நீச்சற் தடாகமும் பயிற்றுநரும் உண்டு. மலையகத்துத் தோட்டப் பாடசாலை பலவற்றுக்குத் தேயிலைச் சரிவின் நடுவே சமதரையே இல்லை. பத்தடி அகல முற்றத்திலே பந்து உருண்டால் அது அடுத்த மலையின் அடிவாரத்திலேதான் நிற்கும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அறையில் முடங்கும் லயத்திலே, சினம் மூண்ட இளைஞன் விலகி நின்று மூச்சுவிடவும் இடமில்லை. பிற ஊர்களிலும் நிலை சிறந்ததன்று. பரீட்சை நெருங்க நெருங்க உடற்கல்விப் பாடவேளையைக் கணிதம் விழுங்குகிறது. மாலையை ரியூசன் விழுங்குகிறது. பெண்பிள்ளையோ பெரியவளானதும் மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். அவளுக்குச் சினமே வராது என்பது நம் சமுதாயத்தின் நினைப்பு. அவளது சினம் வெளியே வர வழியின்றி உள்ளேயே அவளை அரிப்பதை எவரும் கணக்கெடுப்பதில்லை.

5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை உழைக்கச் செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் உலகெங்கும் 81 வீதத்தினருக்கு இந்த அளவு கிட்டவில்லை. பையன்களில் 78 வீதம், பெண்பிள்ளைகளில் 85 வீதம். பெண்பிள்ளைகளின் பங்கு கூடியிருப்பது தற்செயலானதன்று. உலகத்தின் பிள்ளைகள் யாவரும் ஒரே காலத்திலே சோம்பேறிகளாகி விட்டார்களா? அவர்களுடைய நேரமும் வெளியும் பறிக்கப்பட்டுள்ளன என்பதே உண்மை. பறித்தவர்களே பின்னர் மேடையேறி “ஓடுங்கள்” என்று உபதேசிக்கின்றனர்.

ஆசிரியத் தோழர்களே! அமைச்சு மைதானம் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத காரியங்கள் சில உங்கள் கையிலேயே உள்ளன. ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாக விதிப்பதை இன்றே நிறுத்துங்கள். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடாதீர்கள். கோபத்தோடு நடுங்கி நிற்கும் மாணவனை ஓடச் சொல்லாமல், அருகே இருத்தி மெதுவாக மூச்சை இழுத்து விடச் செய்யுங்கள். அவன் தணிந்த பின் அவனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். விளையாட்டிலே தலைமையைச் சிறந்த வீரனுக்கே நிரந்தரமாக்காது முறைவைத்து மாற்றுங்கள். மாணவரையே நடுவராக்குங்கள், பிறர் தன்னைத் திட்டும்போதும் விதியைக் காக்கப் பழகியவன் வாழ்விலும் நிதானம் இழக்கமாட்டான். பெருந்திடல் இல்லாத இடத்திலே சிறு தரையிற் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடலாம். அதிலே பெண்பிள்ளைகளும் இறங்கட்டும்.

மாணவத் தோழர்களே! உங்கள் சினத்தைக் கண்டு வெட்கப்படாதீர்கள். அதனை வேர்வையாக்கித் துடைத்தெறியும்படி கூறுவோரை நம்பாதீர்கள். ஆனால் அதனைப் பயிற்சியில்லாத கையிலே ஒப்படைக்கவும் வேண்டாம். நாள்தோறும் கூடி விளையாடுங்கள், உடலை உறுதியாக்குங்கள், ஆத்திரத்துக்கும் கைக்கும் இடையிலே அந்த ஒரு கணத்தைச் சம்பாதித்துக் கொள்ளுங்கள். உங்களிலும் இளையவன்மீதும் தங்கைமீதும் பிற இனத்தான்மீதும் உயரும் கையை அந்தக் கணம் தடுத்து நிறுத்தும். உங்கள் சினம் உரிய இடத்தைத் தேடிச் செல்லவும் அதுவே அவகாசம் தரும்.

அந்த உரிய இடங்களுள் ஒன்று மிக அருகிலேயே இருக்கிறது. உங்கள் பாடசாலைக்கு மைதானம் ஏன் இல்லை என்ற கேள்வியை மனுவாக எழுதுங்கள். பெற்றோரிடமும் பழைய மாணவரிடமும் கையொப்பம் பெறுங்கள். வலயக் கல்விப் பணிமனையின் வாயிலிலே கூட்டாகச் சென்று நில்லுங்கள். கிளித்தட்டிலே கோடுவிடாமல் நிற்கப் பழகிய கால்களுக்கு அவ்வாயிலிலும் பதில் வரும்வரை நிற்கத் தெரியும்.